அவருடைய காலுக்கு ஒரு டியூனிங்

வீட்டுச் சுவருக்குப் பூச்சுப் பூச எடுத்து வைத்திருந்த காசை எங்கள் வான் வண்டிக்குப் போடவேண்டும் என்று என் கணவர் சொன்னபோது நான் ஒரு பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பதில் சொல்கிற வேகத்தில் சட்டையின் வலது கையை இடது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். அந்தத் தையலைப் பிரிக்கும்போது என் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

மீள்குடியேற்ற வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீடு அது. சுவர் எழும்பியது, ஓடு போட்டாயிற்று, வெளிப்பக்கம் பூசியும் ஆயிற்று. அதோடு திட்டத்துக் காசு முடிந்துவிட்டது. உள்ளே வெறும் கல். தாழ்வுபாடு கடலோர ஊர், அங்கே காற்றுக்கு ஓய்வு ஏது? காற்றடித்தால் சுவரிலிருந்து மண் உதிரும். சோற்றுச் சட்டியில் உதிர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நான் தைத்து மடித்து வைத்த வெள்ளைச் சீருடைகளில் அல்லவா உதிர்கிறது! பிள்ளைகளின் தாய்மார் வந்து உதறிப் பார்க்கும்போது எனக்கு மானம் போகும். அதனால் அந்தப் பூச்சுக் காசு எனக்கு வேதாகமம் மாதிரி. யாரும் தொடக்கூடாது.

"வான் இழுக்குதில்லையப்பா" என்றார் அவர், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு.

"வான் இழுக்காட்டி நீங்கள் இறங்கி இழுங்கோ" என்றேன்.

சிரித்தார். அவரோடு சண்டை பிடிப்பதில் இதுதான் பெரிய கஷ்டம். நான் பத்துச் சொல் சொன்னால் அவர் ஒரு சிரிப்போடு போய்விடுவார். ஆனால் அன்றைக்குச் சிரித்த முகத்தில் கண் சிரிக்கவில்லை. நான் சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்ன விசயம் என்று கேட்டேன்.

விசயம் ஆசிரியர்கள். மன்னார் நகரத்தில் குடியிருந்துகொண்டு பெருநிலத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் ரீச்சர்மார் ஒரு வான் நிறைய இருந்தார்கள். காலையில் அவர்களை ஏற்றிப் பாலம் தாண்டி, பாப்பாமோட்டைப் பக்கம் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டபின் திரும்ப ஏற்றி வருவதுதான் அவருடைய தொழில். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஓட்டத்தில்தான். தையலில் வருவது உப்புப் புளிக்குக் காணும், அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் வரவைப் பதியும் புத்தகத்தில், மணி அடித்ததும் அதிபர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவர் என்று அர்த்தம். அப்படிச் சில தரம் சேர்ந்தால் லீவில் வெட்டு விழும். அந்த வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் வானில் போன ரீச்சர்மார் அடிக்கடி கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தார்கள். பாலத்தில் ஏறினால் எதிர்க்காற்று. பாலம் தாண்டி வடக்கே திரும்பினாலும் அதே காற்று முகத்தில். நிறைந்த வான் அந்தக் காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு போகும். பின்னால் வெளிக்கிட்ட இன்னொரு ரீச்சர்மார் வான் இவரை முந்திக்கொண்டு பறக்கும், அதிலிருக்கும் ரீச்சர்மார் யன்னலால் கை காட்டுவார்கள்.

கடைசியில் அந்தக் கூட்டத்தில் மூத்த ரீச்சர் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மார்கழியில நத்தார் லீவு வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகும் இப்பிடியெண்டா நாங்கள் மற்ற வானிலதான் போகவேண்டி வரும்."

இதை அவர் என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காசு போவது ஒரு பக்கம். மறுபக்கம் மானம். அவர் ஒரு சாரதி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். அங்கே யாராவது என்ன தொழில் என்று கேட்டால், கையில் தூரிகையை வைத்துக்கொண்டே "சாரதி" என்பார். நாடு திரும்பி, என் காப்பையும் அவருடைய பெயிண்ட் காசையும் சேர்த்துப் பழைய ஜப்பான் டீசல் வான் ஒன்றை வாங்கிய அன்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றிரவு அவர் சாப்பிடவே இல்லை. அந்த மனிதனை "உங்கட வானில வந்தால் பிந்துது" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வானில் பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று. டீசல் பில்டர் புதிசு. டீசல் பீச்சும் குழல்களைக் கழற்றிக் கழுவினார்கள். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்துத் தண்ணீர் தெளித்ததும் ஆயிற்று. எல்லா மெக்கானிக்கும் சொன்னது ஒன்றுதான்: "வான் நல்லாத்தான் இருக்கு." நல்லாக இருக்கிற வான் ஏன் ஊர்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் வான் தரிப்பிடத்தில் யாரோ இந்த டியூனிங் கதையை அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

மன்னார் நகரத்தில் ஒரு முஸ்லிம் தம்பி புதிதாக கராஜ் போட்டிருந்தார். தம்பி என்றாலும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சண்டைக்காலத்தில் குடும்பமாகப் புத்தளத்துக்கு விரட்டப்பட்டு, அங்கே வளர்ந்து, கொழும்பில் தொழில் பழகி, இப்போது உம்மா வாப்பாவோடு சொந்த ஊருக்குத் திரும்பியவர். இந்தக் காலத்து என்ஜின்களுக்குள் சின்னக் கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறதாம். எவ்வளவு டீசல் எப்போது போகவேண்டும் என்று அதற்குள் எழுதி வைத்திருக்கிறதாம். அந்த எழுத்தை லப்டொப்பால் மாற்றி எழுதினால் அதே என்ஜின் கூட இழுக்குமாம். ஒரு ஆணிகூடப் புதிதாகப் பூட்டுவதில்லை.

"ஒரு சாமானும் பூட்டாததுக்கு என்னத்துக்குக் காசு?" என்று கேட்டேன்.

"எழுத்துக்கு."

"அப்ப நான் ஒரு கடதாசியில 'கெதியாப் போ' எண்டு எழுதி முன்கண்ணாடியில ஒட்டிவிடுறன். காசும் வேண்டாம்."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அந்தத் தம்பி முதலில் ஓட்டிப் பார்த்து, இது காசுக்குப் பெறுமதியா இல்லையா என்று சொல்வாராம். பார்ப்பதற்குக் காசில்லை. சொல்வதைக் கேட்பதற்கு நானும் வருவேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய சீலையோடு கராஜுக்குப் போனேன்.

தம்பி கராஜில் கிடந்த பழைய ரயர்களையும் கியர்ப் பெட்டிகளையும் வானுக்குள் ஏற்றினார். ரீச்சர்மாரின் பாரத்துக்குச் சரியாக இருக்கவேண்டுமாம். மூத்த ரீச்சரின் இடத்தில் ஒரு துருப்பிடித்த கியர்ப் பெட்டி இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி லப்டொப்பை என் மடியில் வைத்தார்.

"அக்கா, இது குலுங்காம பிடிச்சுக்கொள்ளுங்க. நான் கேக்கக்குள்ள இந்த இடத்தில நிக்கிற இலக்கத்த மட்டும் சொல்லுங்க. நான் புகையையும் சத்தத்தையும் பாக்கணும்."

பாலம் தாண்டினோம். கடல் இரண்டு பக்கமும் வாடையில் நுரைத்துக்கொண்டிருந்தது. முந்தி எல்லாரையும் இறக்கி ஏற்றிய சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒருவன் இளநீர் விற்றான். நேரான ரோட்டுக்கு வந்ததும் பின் சீற்றிலிருந்து தம்பி சொன்னார்.

"இப்ப அக்சிலேற்றரை முழுக்க மிதியுங்க அண்ணை."

"மிதிச்சிட்டன் தம்பி."

"அக்கா, எத்தினை?"

"அறுபது."

"இல்லை அக்கா, மேல உள்ளது. பெடல் எண்டு போட்டிருக்கிறது, நூறில எத்தினை மிதிச்சிருக்கு எண்டு."

"அதுதான் அறுபது."

"அண்ணை, முழுக்க."

"முழுக்கத்தான் தம்பி!"

"அறுபது" என்றேன் நான்.

வானை ஓரங்கட்டச் சொன்னார். மிதிக்குக் கீழே கால்விரிப்பு சுருண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே மிதியை அமர்த்தினார். என் மடியில் இலக்கம் நூறுக்குப் போனது. திரும்ப ஓடினோம். திரும்பவும் அறுபது. என் கணவருடைய நெற்றி வியர்த்திருந்தது. பொய் சொல்லும் முகம் அல்ல அது. அவருடைய காலுக்கு அறுபதிலேயே மிதி அடிக்குப் போய்விட்டது.

"அண்ணை, நான் கொஞ்சம் ஓடட்டோ?" என்று கேட்டு தம்பி சாரதி சீற்றில் ஏறினார். இவர் என் பக்கத்தில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார். வான் வெளிக்கிட்டது. இவருடைய கண் ரோட்டில் இல்லை, தம்பியின் காலில் இருந்தது. அந்தக் கால் இறங்கியது. எழுபது, எண்பது என்று நான் வாய்க்குள் சொல்லும்போதே என்ஜின் நான் ஒருநாளும் கேட்காத ஒரு குரலில் எழும்பியது. எதிர்க்காற்றில் வான் துள்ளிப் போனது.

"தம்பி, காலை எடு! நிண்டிடும், நிண்டிடும்!" என்று கத்தினார் இவர்.

"என்னது அண்ணை நிக்கும்?"

"என்ஜின்!"

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சண்டைக்காலத்தில் நாங்கள் இருந்த வன்னிப் பக்கம் அரசாங்கம் பெற்றோல் வர விடவில்லை. பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்டார்ட் பண்ண மட்டும் பிள்ளைகளின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, என்ஜினுக்குள் பீச்சி முடுக்குவார்கள். ஓடத் தொடங்கினால் மண்ணெண்ணெய். அந்தப் போத்தல் பெற்றோல் பொன்னுக்குச் சமானம். மண்ணெண்ணெயில் ஓடும் காரை ஒரு அளவுக்கு மேல் மிதித்தால் புகை கக்கி, இடித்து, நின்றுவிடும். நின்றால் திரும்ப முடுக்கப் பெற்றோலுக்கு எங்கே போவது? அவர் வாகனம் ஓடப் பழகியது அந்தக் காரில். எந்த இடத்துக்கு மேல் மிதிக்கக்கூடாது என்று அவருடைய கால் அப்போது படித்தது. பிறகு படகு, முகாம், பெயிண்ட் என்று எத்தனையோ வருசம் எந்த வாகனத்தையும் தொடவில்லை. ஆனாலும் கால் மறக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் இதைச் சொல்லச் சொல்ல தம்பி வானை வேலி ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உண்மையச் சொல்லுறன்" என்றார் தம்பி. "இருக்கிற இழுவையையே நீங்க எடுக்கேல்ல. இதுக்கு மேல நான் கூட்டித் தந்தா அது காசுக்குக் கேடு. ஆனா வேற ஒரு வேலை செய்யலாம். மிதியின்ர எழுத்தை மாத்தலாம். நீங்க இந்த அறுபதில நிக்கக்குள்ள, முழுக்க மிதிச்சாச்சு எண்டு என்ஜின் எடுத்துக்கொள்ளும். மெல்லப் போகக்குள்ள முந்திப் போலத்தான் இருக்கும். வேலை ஒண்டுதான், காசும் அதேதான்."

பிறகு என்னைப் பார்த்து, "முழுக்க மிதிக்கப் பழகினா அதுக்குக் காசு வேண்டாம் அக்கா. யோசிச்சுச் செய்யுங்க" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கால் கடவுள் தந்தது, சும்மா கிடைத்தது. பூச்சுக் காசு அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெற்றி பெற்றவள் மாதிரி அவரைச் சீண்டினேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். என்ர தையல் மெசினையே நான் அடிமட்டும் மிதிக்கிறன்."

அவர் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி. ஒரு வாரம் நான் முன் சீற்றில் ஏறிப் போனேன். ரீச்சர்மாருக்கு இடம் நெருக்கடி. ஆனாலும் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அரசாங்கக் கந்தோருக்குப் போகிறேன் என்று ஒவ்வொரு பொய். பாலத்தில் ஏறியதும் நான் வெளியே பார்த்தபடி மெல்ல "இன்னும்" என்பேன். அவர் பல்லைக் கடிப்பார். கால் அறுபதைத் தாண்டி ஒரு விரற்கடை போகும், உடனே தானாக மேலே வந்துவிடும். "இன்னும்" என்பேன் மறுபடியும்.

அவர் வான் ஓடும்போது கதைக்கிற மனுசன். எந்த ரீச்சரின் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பள்ளிக்கூடத்து மாமரம் காய்த்திருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வாரத்தில் அவர் வாயே திறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இரண்டும் வெளுத்திருந்தன. பின்னேரங்களில் கெண்டைக்காலில் தசை சுருட்டிக் குரக்கை பிடித்து ஒரு பக்கமாக நடந்தார். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு உழவு இயந்திரம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு முன்னால் போனது. எதிரே ரோடு வெறுமையாகக் கிடந்தது. முந்த வேண்டும். "மிதியுங்கோ" என்றேன். மிதித்தார். உண்மையாகவே முழுக்க மிதித்தார். என்ஜின் உறுமியது. வைக்கோலைத் தாண்டிப் பாதி போகும்போது அவருடைய கால் சுட்ட மாதிரித் துள்ளி மேலே வந்தது. வான் தடுக்கி விழுந்தது போல ஒரு குலுக்கு. ரீச்சர்மார் எல்லாரும் முன் சீற்றுகளில் மோதினார்கள். ஒரு ரீச்சரின் சாப்பாட்டுப் பெட்டி திறந்து மீன்குழம்பு மூத்த ரீச்சரின் சீலையில் ஊற்றியது.

யாருக்கும் காயம் இல்லை. மூத்த ரீச்சர் ஒன்றும் ஏசவில்லை. சீலையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் சொன்னார். "லீவு வரைக்கும் பொறுக்கத் தேவையில்லை. திங்கக்கிழமையோட இந்த ஹயர் ஓட்டத்தை விடுறன். மற்ற வான்காரனோட கதைச்சுவிடுறன், அவன் ரெண்டு ஓட்டம் ஓடட்டும்."

"பிறகு?"

"கையில பெயிண்ட் தொழில் கிடக்குத்தானே."

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன்.

மத்தியானம் அவர் பாயில் படுத்திருந்தார். நான் நல்லெண்ணெயைச் சூடாக்கி அவருடைய வலது கெண்டைக்காலில் தேய்த்தேன். தசை கட்டியாக உருண்டு கிடந்தது. விரலால் அதை நீவிக்கொண்டிருக்கும்போது, இந்தக் காலை நான் முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. அவருடைய முகத்தைப் பார்க்குமுன் காலைத்தான் பார்த்தேன்.

பாப்பாமோட்டைப் பக்கம் எங்கள் வயலில் என்னைப் பெற்ற ஐயாவை விரியன் கடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரே ஒரு மண்ணெண்ணெய்க் கார். அதை ஓட்டி வந்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. பின் சீற்றில் ஐயாவின் தலை என் மடியில். ஐயா வாயில் நுரை தள்ளியது. நான் கத்தினேன். மிதி, மிதியடா, கல்நெஞ்சா, என்ர ஐயா சாகப் போறார், மிதியடா என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவர் திரும்பவும் இல்லை, ஒரு சொல் பேசவும் இல்லை. நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். வெறுங்கால். மிதியில் ஒரே இடத்தில் நின்றது. பள்ளத்திலும் நின்றது, மணலிலும் நின்றது. அந்த இடத்திலிருந்து ஒரு நூலளவுகூட இறங்கவில்லை.

கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயா பிழைத்து, இன்னும் எத்தனையோ போகம் விதைத்தார். காரை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தச் சாரதி என்னிடம் பேசினார். "சூப்பிப் போத்தல் காலி தங்கச்சி. நிண்டிருந்தால் முடுக்க ஒண்டுமில்லை" என்றார். அவருடைய கால் அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. அடுத்த வருசம் நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

எண்ணெய்க் கையோடு அவருடைய காலைப் பிடித்தபடியே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஐயாவைக் கொண்டுவந்து தந்த கால் இது. இதையா நான் ஒரு வாரமாக 'இன்னும், இன்னும்' என்று விரட்டினேன்? இந்தக் காலுக்கு என்ன பிழை? அது படித்த பாடம் சரியான பாடம். என்ஜின்தான் மாறிவிட்டது.

"என்னப்பா?" என்று தலையை நிமிர்த்தினார்.

"ஒண்டுமில்லை. எண்ணெய் கண்ணில பட்டிட்டுது" என்றேன்.

பூச்சுக் காசை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கராஜில் தம்பி ஒரு முச்சக்கரவண்டிக்குக் கீழே படுத்திருந்தார். நான் காசை நீட்டியதும் எழும்பி வந்து கையைத் துடைத்தார்.

"பழக ஏலாதோ அக்கா?"

"பழகலாம். பழக வேண்டாம் எண்டு நினைக்கிறன்" என்றேன். "நீங்கள் சொன்ன மிதி வேலையைச் செய்து தாங்கோ. இவரை விட்டிட்டு என்ஜினைப் பழக்குங்கோ."

ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. காசை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, "எங்கள விரட்டினதில இருந்து எங்கட வாப்பா இப்பவும் வீட்டில வாகனத்த ரோட்டப் பாத்துத்தான் நிப்பாட்டுவாரு. திருப்பி விட்டா நித்திரை கொள்ளமாட்டாரு" என்றார். "நாளைக்கு வானைக் கொண்டுவாங்க. இன்ஷா அல்லாஹ், பின்னேரத்துக்குள்ள முடிச்சுத் தாறன்."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். உள்சுவரில் கை வைத்துப் பார்த்தார்.

"பூச்சு?" என்றார்.

"சுவர் எங்க ஓடப் போகுது? நிண்டு கொண்டுதானே இருக்கு."

"காசுக்குப் பெறுமதியோ இது? கால் நல்லாத்தானே இருக்கு, பழகினால்…"

"கால் நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் காசு" என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது.

சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. பழைய எழுத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றார் தம்பி. வெறும் வானில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. முன்கண்ணாடியில் கடதாசியே ஒட்டியிருக்கலாமோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

திங்கட்கிழமையும் நான் முன் சீற்றில் ஏறினேன். வாடை மோசமாக அடித்தது. போதாக்குறைக்கு ரயில் கடவை பூட்டிக் கிடந்தது. தலைமன்னார்ப் பக்கமிருந்து வந்த ரயில் ஆடி அசைந்து போய் முடியும் மட்டும் காத்து நின்றோம். பின்னால் இருந்த ரீச்சர்மார் மணிக்கூட்டைப் பார்க்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. கடவை திறந்தது. பாலத்தில் ஏறினோம். அவர் வழக்கம் போல மிதித்தார், வழக்கமான இடத்தில் கால் நின்றது. நான் 'இன்னும்' என்று சொல்லவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

வான் எழும்பியது. எதிர்க்காற்று கண்ணாடியில் அடித்தது, வான் அதைப் பொருட்படுத்தவில்லை. என்ஜின் உறுமத் தொடங்கியதும் அவர் திடுக்கிட்டுக் காலைப் பார்த்தார். கால் எல்லை தாண்டவில்லை. திரும்ப ரோட்டைப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய தோள் இறங்கியது. இன்னும் கொஞ்சத் தூரம் போனதும், "உங்கட மகனுக்கு அம்மாள் வருத்தம், அந்தக் கொப்புளமெல்லாம் மாறிட்டுதோ ரீச்சர்?" என்று பின்னால் யாரையோ கேட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வானுக்குள் அவருடைய குரல் கேட்டது.

மூத்த ரீச்சரின் பள்ளிக்கூடத்தில் நாங்கள் போய் நிற்கும்போது மணி அடிக்கவில்லை. அதிபர் முற்றத்தில் நின்று பிள்ளைகளைக் குப்பை கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ரீச்சர் இறங்கி, குடையை விரித்துவிட்டு, அவருடைய யன்னலடிக்கு வந்தார்.

"அண்ணை, இண்டைக்குப் பறந்து வந்த மாதிரியெல்லோ இருந்தது. நீங்கள்தான் இனி எங்களுக்கு, வேற வான் ஒண்டும் வேண்டாம். அதுசரி, இவ்வளவு நாளும் எதிலை பிழை இருந்தது?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். வாயைத் திறந்தார். உள்ளதைச் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"என்ஜினிலைதான் ரீச்சர்" என்றேன் நான் முந்திக்கொண்டு. "இவரைப் போல ஒராள் ஓடுவார் எண்டு அதுக்குத் தெரியாமல் போச்சு. இப்ப சொல்லிக் குடுத்திருக்கு."

ரீச்சர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். மிச்சப் பள்ளிக்கூடங்களிலும் இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பினோம். கியர் மாற்றிய அவருடைய இடது கை, மாற்றி முடிந்ததும் ஸ்டியரிங்குக்குப் போகாமல் என் பக்கம் வந்து என் கையைப் பிடித்தது. பாலம் வரைக்கும் அப்படியே வந்தோம், கியர் மாற்றுவதற்கு மட்டும் விட்டு விட்டுப் பிடித்தார். கோயிலில் மோதிரம் போட்ட நாளுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில், ஊர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.